தலைமாட்டு விளக்கு

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் மூக்கும் முழியும் சேதமில்லாமல் பன்னிரண்டு வருடம் இருப்பதே பெரிய காரியம். அந்த இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தால் என்ன ஆகும் என்று பெண் கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை, பெண் எடுத்தவர்களும் யோசிக்கவில்லை.

மூத்தவள் ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடு பார்ப்பவள். பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து சின்னத் தூரிகையால் வழித்து எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்புவார்கள். அதற்குச் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஆயிரக்கணக்கான நல்ல செல்களுக்கு நடுவில் புற்றுநோயாக மாறக் கிளம்பியிருக்கும் இரண்டு மூன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். இங்கே கல்லும் அரிசி மாதிரியே இருக்கும். பத்தொன்பது வருடமாக அவள் பொறுக்குகிறாள். பெரிய டாக்டர் அவளுக்கு வைத்த பெயர் கழுகு. அந்தப் பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொள்வாள், ஆனால் யாராவது ஒருநாள் அப்படிக் கூப்பிடாமல் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இளையவள் அங்கேயே நர்ஸ். வீட்டில் எல்லாருக்கும் சின்னவள். சிரித்த முகம். மாமியாருக்குக் கால் வலித்தால் மூத்தவள் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள்; சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவாள். மாத்திரையில்தான் வலி போகும், பெயர் பிடித்துவிட்டவளுக்குப் போகும். இப்படிப் பன்னிரண்டு வருடத்துக் கணக்கு மூத்தவளின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. வீட்டோடு போகட்டும், ஆஸ்பத்திரியில் நான்தான் கழுகு என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒளிப்பெட்டி வந்தது.

ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் நுனியில் பேனா அளவு ஒரு கருவி. அதன் நுனியைக் கர்ப்பப்பை வாயில் வைத்தால் நீல ஒளி போகும். நல்ல சதை அந்த ஒளியை ஒருவிதமாகத் திருப்பித் தரும், கெடத் தொடங்கிய சதை வேறுவிதமாகத் தரும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்தைப் பெட்டி படித்துவிட்டுத் திரையில் ஒரு புள்ளி காட்டும். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் பயாப்சி, அதாவது அந்த இடத்திலிருந்து துளி சதையைக் கிள்ளியெடுத்துப் பார்ப்பது. ஆறு மாதம் சோதனைக்கு வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வருகிற பெண் எல்லாருக்கும் ஸ்லைடும் எடுக்க வேண்டும், ஒளியும் பார்க்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒளிப்பேனாவைப் பிடிக்கப் பயிற்சி கொடுக்க டாக்டர் தேர்ந்தெடுத்தது யாரை? வேறு யாரை? சின்னவளைத்தான்.

"அக்கா, அரை நிமிஷத்துல சொல்லிடுதுக்கா!" என்று முதல் நாளே ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"அரை நிமிஷத்துல சொல்றதெல்லாம் ஜோசியம்" என்றாள் மூத்தவள், கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது மாதத்தில் ஜோசியம் பலித்துவிட்டது. ஒரு தையல்காரம்மா. ஸ்லைடில் ஒரு குறையும் இல்லை என்று கழுகு கையெழுத்துப் போட்டாள். ஒளி சிவப்பு என்றது. பயாப்சியில் ஒளி சொன்னதே சரி என்று ஆனது. டாக்டர் ஸ்லைடை மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க தப்பு இல்லம்மா. தூரிகையில அந்த செல்லே வரல. இல்லாதத எப்படிப் பாப்பீங்க?" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயம் நடைபாதை வரைக்கும் நடந்து வருவதில்லை. மருந்துச் சீட்டு எழுதுமிடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "கழுகுக்கே தெரியாதது சின்னம்மா பேனாவுக்குத் தெரிஞ்சிருச்சாம்." மூத்தவள் காதுபடவே சொன்னாள்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் ஆரம்பித்தார். "சின்னவ ஒரு உசிரக் காப்பாத்திட்டாளாமே? உன் கொழுந்தன் சொன்னான். நீயும் அங்கதானம்மா இருக்க, ஒரு வார்த்தை சொல்லல?"

"காப்பாத்துனது மெஷின் அத்தை" என்றாள். பத்தொன்பது வருடத்தில் தன் கண் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும், அதை யாராவது சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார்களா? அன்றைக்கு அவள் கழுவிய தட்டெல்லாம் சத்தம் போட்டன. வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்: அவளுக்குப் பொறாமை. சின்னவள் சிரித்தால் பொறாமை, சிரிக்காவிட்டால் நடிக்கிறாள் என்று பொறாமை.

மூன்றாவது மாதம் காற்று திசை மாறியது. பெட்டி உளறத் தொடங்கியது. நல்ல பெண்களுக்கெல்லாம் சிவப்பு. பயாப்சிக்கு அனுப்பினால் ஒன்றுமே இல்லை என்று வருகிறது. பயந்துபோய் அழுதுவிட்டுப் போன பெண்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். சின்னவளின் சிரிப்பு சுருங்கியது. பயிற்சி கொடுத்த கம்பெனிக்காரர் தொலைபேசியில், சுத்தம் பண்ணுங்கள், அணைத்துத் திரும்பப் போடுங்கள் என்று தனக்குத் தெரிந்த இரண்டு மந்திரத்தையும் சொன்னார். இப்படியே போனால் மாதக் கடைசியில் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெட்டி போனால் சின்னவள் பழையபடி வார்டுக்கு.

மூத்தவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

காரணம் என்ன என்று அந்தக் கட்டடத்திலேயே ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அது அவள்தான்.

வீட்டில் மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் மஞ்சள் பல்பு போட்ட ஒரு மேசை விளக்கு இருக்கும். ஒருநாள் அதைக் காணவில்லை. கேட்டதற்கு மாமியார், "சின்னவ ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனா. இருட்டுல படுக்கச் சொன்னா பொம்பளைங்க பயப்படறாங்களாம். ஒருத்தி மயக்கமே போட்டுட்டாளாம். அவளுக்கு எப்பவும் எளகின மனசு" என்றார். அந்தக் கடைசி வரிக்காகவே மூத்தவளுக்கு விளக்கு மறக்கவில்லை. மறுநாள் ஸ்லைடு வாங்கும் சாக்கில் ஒளி அறைக்குப் போனாள். திரைக்குப் பின்னால், பெண்கள் தலை வைக்கும் பக்கம், ஸ்டூலின் மேல் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவளுக்கு வெளிச்சத்தின் குணம் தெரியாதா? காலையில் பேனா நுனியை ஒரு வெள்ளைக் கட்டியில் வைத்து, கும்மிருட்டில், இதுதான் வெள்ளை என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். நாள் முழுக்கப் பெட்டி அதை வைத்துத்தான் ஒப்பிடும். பெண் வந்து படுத்த பிறகு மஞ்சள் வெளிச்சம் வெள்ளைத் திரையில் பட்டுத் திரும்பி அறையெல்லாம் கலந்தால், சதை திருப்பித் தந்தது எது, பல்பு தந்தது எது என்று பெட்டி என்ன கண்டது? எல்லா விளக்கையும் அணைக்கவும் என்பதுதான் சுவரில் ஒட்டிய தாளில் முதல் வரி. சின்னவள் மேலே எரிகிற விளக்குகளை அணைத்தாள். தலைமாட்டு விளக்கை அவள் விளக்கென்றே நினைக்கவில்லை. அதை அவள் ஆறுதல் என்று நினைத்திருந்தாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூத்தவள் ஸ்லைடு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று வாரம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று முதல் வாரம். நான் எதற்குச் சொல்ல வேண்டும், அவளுக்குப் படிக்கத் தெரியாதா என்று இரண்டாம் வாரம். மூன்றாம் வாரம் அதை நினைக்கவே இல்லை, நிம்மதியாகத் தூங்கினாள்.

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது டாக்டர் ஒரு சுற்றறிக்கை விட்டார். முப்பது வயதைத் தாண்டிய பெண் ஊழியர் எல்லாரும் பரிசோதனைக்கு வர வேண்டும். மூத்தவளுக்கு நாற்பத்தாறு. ஊரார் செல்லையெல்லாம் எண்ணியவள் தன்னுடையதை ஒருநாளும் கொடுத்ததில்லை. நேரம் இல்லை என்பாள். நேரம் இல்லாமல் இல்லை. இப்போது கொடுப்பதென்றால் சின்னவள் முன்னாலா காலை விரித்துப் படுப்பது?

கடைசி ஆளாகப் போனாள். கவுனை மாற்றிக்கொண்டு மேசையில் ஏறிப் படுத்தாள். சின்னவள் தூரிகையால் ஸ்லைடுக்கு எடுத்தாள். கை மெத்தென்றுதான் இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது. பிறகு மேல் விளக்குகளை அணைத்தாள். தலைமாட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"பயப்படாதீங்கக்கா. நம்ம வீட்டு விளக்குதான்."

மூத்தவள் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தாள். அதை அணை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் பெட்டி பிழைத்துவிடும். சின்னவள் ஜெயித்துவிடுவாள். சொல்லாவிட்டால் தன் உடம்பைப் பற்றி அந்தப் பெட்டி பொய் சொல்லும். தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை பண்ண வேண்டும் என்பார்களே, அந்த மூக்கு இதோ மேசைமேல் மல்லாந்து படுத்திருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பச்சைக்கா!" என்றாள் சின்னவள், தானே பிழைத்த மாதிரி. "நீங்க நல்லா இருக்கீங்க."

"எனக்கென்ன கேடு" என்று இறங்கி உடுத்திக்கொண்டாள்.

தன் ஸ்லைடைத் தான் பார்க்கக் கூடாது, டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. சாயம் ஏற்றியது அவள். கடைசி எண் அவளுடையது என்றும் தெரியும். மறுநாள் காலை கதவைச் சாத்திவிட்டு அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

இடது மேல் மூலையில் ஏழு செல்கள். நடுவில் இருக்கும் உட்கரு கொஞ்சம் பெரிசு. கொஞ்சம் கறுப்பு. சாதாரண அழற்சியில் வீங்கினாலும் இப்படித்தான் இருக்கும். மாறக் கிளம்பினாலும் இப்படித்தான் இருக்கும். வேறு ஒருத்தியின் ஸ்லைடாக இருந்தால் சந்தேகம் என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுத்திருப்பாள். இதை ஒரு மணி நேரம் பார்த்தாள். வலது கண்ணால் பார்த்தால் அழற்சி, இடது கண்ணால் பார்த்தால் அது. கழுகுக்குக் கண் கட்டிப்போனது.

சந்தேகம் என்று எழுதினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சோதனைக்கென்று டாக்டரோடு உட்கார்ந்து அந்த விதியை எழுதியதே அவள்தான். ஸ்லைடு சந்தேகமாக இருந்து ஒளி சிவப்பு என்றால் உடனே பயாப்சி. ஒளி பச்சை என்றால் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லலாம். அவளுக்கு ஒளி பச்சை. விளக்கு எரியும்போது வந்த பச்சை; நல்லதைச் சிவப்பாகக் காட்டிய விளக்கு கெட்டதைப் பச்சையாகவும் காட்டியிருக்கலாம். அது சல்லிக்காசு பெறாது.

ஆறு மாதத்தில் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டாள். மற்றவர்களுக்கும் அதைத்தானே சொல்லி அனுப்பினோம் என்று நினைத்தாள். எந்த மற்றவர்கள்? பதிவேட்டை இழுத்து விரல் வைத்துத் தேடினாள். இந்த மூன்று வாரத்தில் மட்டும் நான்கு பேர். ஸ்லைடு சந்தேகம், ஒளி பச்சை, ஆறு மாதம் கழித்து வரவும். நான்குக்கும் கீழே அவள் கையெழுத்து. கெட்டியான, அழகான கையெழுத்து.

இத்தனை நாளும் பொய்ச் சிவப்பை மட்டுமே எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். பொய்ப் பச்சை சண்டைக்கு வராது. அது நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடும்.

ஒளி அறைக் கதவைத் தட்டினாள். சின்னவள் தனியாக உட்கார்ந்து பேனா நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எனக்கு இன்னொரு தடவை பாரு."

"ஏங்க்கா? பச்சைதானே வந்துச்சு."

"அந்த விளக்க அணைச்சிட்டுப் பாரு."

சின்னவள் விளக்கைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தாள். அவள் ஒன்றும் மக்கு இல்லை. கையிலிருந்த துணி கீழே விழுந்தது. விளக்கை அணைத்து, வயரைப் பிடுங்கி, வெள்ளைக் கட்டியில் பேனாவை வைத்து மறுபடி அளவு சொல்லிக் கொடுத்தாள்.

இருட்டு. மேசை சில்லென்று இருந்தது. கால்மாட்டில் நீலமாக ஏதோ மினுங்கியது, ஆள் தெரியவில்லை. மூத்தவளுக்குக் கத்திவிடுவோமோ என்றிருந்தது. இந்தப் பயத்துக்குத்தான் அந்த விளக்கு வந்தது என்று அப்போது புரிந்தது. கையை நீட்டித் துழாவி, அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டாள். சின்னவளின் உடுப்பு நுனி.

"பிடிச்சுக்கோங்க" என்றது குரல். "ஆட்டாதீங்க."

அரை நிமிடம். திரையின் வெளிச்சத்தில் சின்னவள் முகம் தெரிந்தது. அது சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"சிவப்பு" என்றாள் மெதுவாக. பிறகு கேட்டாள்: "உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"

இருட்டு இருந்ததால் பொய் சொல்லத் தோன்றவில்லை. "மூணு வாரமா."

மேல் விளக்கு எரிந்தது. சின்னவள் சுவிட்சில் கை வைத்தபடியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"விளக்கு வச்சது என் தப்பு. மடத்தனம். நான் வார்டுக்குப் போனா உங்களுக்குச் சந்தோஷம்னா, அதுகூடப் பரவால்லக்கா. கேட்டிருந்தா நானே போயிருப்பேன்." திரும்பி மேசையைக் காட்டினாள். "இங்க வந்து படுத்தாங்களே, அவங்க உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

மூத்தவள் மேசையிலிருந்து இறங்கி உடுத்திக்கொண்டாள்.

இருவரும் டாக்டரிடம் போனார்கள். மூத்தவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "டாக்டர், நான் அறையில விளக்கு வச்சிருந்தேன். அதனாலதான் தப்புத் தப்பா வந்திருக்கு. அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அந்தக் கம்பெனிக்காரனுக்கே தெரியல! கழுகுன்னா கழுகுதான்" என்று மூத்தவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டி இருக்கும் என்றார். மூத்தவளுக்குப் பயாப்சி அன்று மதியமே என்றார்.

எந்தப் பாராட்டுக்காக மூன்று மாதம் வயிறு எரிந்தாளோ அது கைநிறையக் கிடைத்தது. அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. பக்கத்தில் சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்த நிமிஷத்திலும் மூத்தவளுக்குப் பொறாமைதான் வந்தது, சொன்னால் வெட்கக்கேடு. என்னால் முடியாதது இவளுக்கு எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது?

வெளியே வந்ததும் சின்னவள் பதிவேட்டுத் தாள்களை அவள் கையில் வைத்தாள். "டாக்டர்கிட்ட சொல்லல. வீட்டுலயும் சொல்ல மாட்டேன். ஆனா விளக்கு வச்சதுலேருந்து வந்தவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். அறுபத்தெட்டு பேரு. நீங்க பாத்ததுக்கு முன்னாடி வந்தவங்க என் கணக்கு, அவங்கள நான் கூப்பிடறேன். பாத்ததுக்கு அப்புறம் வந்தவங்கள நீங்க கூப்பிடுங்க." எந்த வரியில் கோடு போட வேண்டும் என்று மட்டும் பேனாவை நீட்டிக் கேட்டாள். மூத்தவள் தேதியைப் பார்த்துக் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே நாற்பத்தொரு பேர்.

அவளுடைய பயாப்சி முடிவு எட்டு நாள் கழித்து வந்தது. ஆரம்பம்தான், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். எடுத்தார்கள், பிழைத்தாள். அதெல்லாம் பிறகு. பயாப்சிக்கு மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவளுக்கு எதுவும் தெரியாது. அடிவயிற்றில் கிள்ளிய இடம் வலித்தது. அந்த நான்கு பேரை முதலில் கூப்பிட வேண்டும் என்று மட்டும் தெரியும்.

முதல் எண் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சருடையது. பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேங்க. நீங்க மறுபடியும் ஒரு தடவை வரணும். ஒளி வச்சுப் பாத்தாங்கல்ல, அதத் திரும்பப் பாக்கணும்."

"ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்னீங்களே? பச்சைன்னு சொன்னாங்களே?"

"அந்தப் பச்சை சரியில்லைங்க."

"மெஷின் கெட்டுப்போச்சா?"

டீச்சரே வழி எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கையில் மேசை விளக்கோடு சின்னவள் போய்க்கொண்டிருந்தாள், வீட்டுக்கு எடுத்துப் போகப் பையில் வைப்பதற்கு. வயரைச் சுற்றியிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லைங்க" என்றாள் மூத்தவள். "மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. அறையில விளக்கு எரிஞ்சுது. எரிஞ்சா தப்பாக் காட்டும்னு எனக்குத் தெரியும். நான் பாத்தேன். சொல்லல."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது, பிள்ளைகளின் இரைச்சல் அடங்கியது.

"ஏன் சொல்லல?" என்றாள் டீச்சர்.

பட்டியலில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் இதைத்தான் கேட்பார்கள். மூத்தவள் தொலைபேசியை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டு, முதல் ஆளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள்.